டோர்சியின் கைத்துப்பாக்கியை அனுப்பி வைக்கும் முறை

டோர்சி கோகர் தன் கைத்துப்பாக்கியை ரொட்டிப் பை ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்து வெர்லின் டீட்டரின் சமையலறை மேசைமேல் வைத்தபோது, வெர்லின் முட்டை தின்றுகொண்டிருந்தான்.

"கொஞ்ச நாள் வச்சிரு" என்றான் டோர்சி.

"சரி" என்றான் வெர்லின். "காப்பி?"

"வேணாம். வண்டி ஓடிட்டே இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பள்ளத்தாக்கில் இதற்கு மேல் பேச மாட்டார்கள். ஒருவன் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தால் ஏன் என்று கேட்கக் கூடாது. அவன் திருப்பிக் கேட்கிற அன்றைக்கும் ஏன் என்று கேட்கக் கூடாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்த இரண்டு விதிகளையும் மேற்கு வர்ஜீனியாவில் மீறியவன் கிடையாது. சட்டப் புத்தகத்தில் இருக்கிற விதிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கேட்க வேண்டிய அவசியமும் வெர்லினுக்கு இல்லை. டோர்சியின் மகன் ட்ரெண்ட் வலி மாத்திரையின் போதைக்குப் பழகி, மாத்திரை கிடைக்காதபோது வேறு எதற்கோ பழகி, கடைசியில் ஆற்றோரச் சாலையில் நிறுத்தியிருந்த தன் வண்டிக்குள்ளேயே முடிந்துபோனான். அவனைக் கண்டெடுத்தது டோர்சிதான். பார்சல் கம்பெனியின் வண்டியை இருபது வருடத்துக்கு மேலாக அந்தச் சாலையில் ஓட்டியவன். வண்டியில் அன்றைக்குக் கொடுக்க வேண்டிய பெட்டிகள் பாதி இருந்தன. சவ அடக்கத்துக்கு வந்த மூன்று நான்கு பேரிடம், உங்கள் பார்சல் ஒரு நாள் தாமதமாகிவிட்டது என்று அவன் மன்னிப்புக் கேட்டான். நல்ல ஊழியன்.

ரொட்டிப் பையை வெர்லின் தன் மான்துப்பாக்கிகள் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். அதற்கு முன்பே அதிலிருந்த தோட்டாக்களை மலையடிவாரத்தில் ஒரு பழைய அடுப்பைப் பார்த்துச் சுட்டுத் தீர்த்தான். டோர்சி வேலையை விட்டுவிட்டு, இந்தியானாவில் இருக்கும் தன் அக்கா வாண்டா வீட்டுக்குப் போய்விட்டான். அந்த ஆற்றோரச் சாலையை இனி ஜென்மத்துக்கும் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அதைப் பார்க்காமல் அந்த ஊருக்குள் வர வேறு வழி கிடையாது.

மனைவி நெல்டா, "அது எதுக்கு நம்ம வீட்ல?" என்று கேட்டபோது வெர்லின், "வாண்டா வீட்ல பேரப்பிள்ளைங்க ஓடியாடிட்டு இருக்கும். ஒரு பத்திரத்துக்குத்தான்" என்றான். நெல்டா அதை நம்பினாள். நம்பாமலிருக்க அதில் ஒன்றும் இல்லை.

இலையெல்லாம் துளிர்த்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"அந்த என்னோட சாமான அனுப்பி வச்சிரு, வெர்லின்" என்றான் டோர்சி.

குரலில் ஒன்றும் தெரியவில்லை. வானிலை அறிவிப்பு வாசிப்பவனைப் போலப் பேசினான்.  மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால், நீ சுட்டுக்கொண்டு செத்துப்போய்விடுவாய் என்று நினைக்கிறேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னதாகும். அதை ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு எடுத்து எங்கே வைப்பது? சரி என்று அனுப்பினாலோ, அனுப்பியது வெர்லினின் கைதான்.

"அனுப்பிடறேன்" என்றான். "என்ன முறைன்னு மட்டும் விசாரிச்சிக்கறேன்."

முறை விசாரிக்க அவன் லோர்னாவின் கடைக்குப் போனான். துப்பாக்கி, தூண்டில் புழு, வாடகைக்குக் கல்யாணக் கோட்டு, மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் கடை அது. உரிமம் வாங்கிய வியாபாரி அந்த வட்டாரத்தில் லோர்னா ஒருத்திதான்.

"ஏம்பா, உனக்கு இந்தக் கவலையெல்லாம் எதுக்கு?" என்றாள் லோர்னா. "தபாலாபீஸ்ல கைத்துப்பாக்கி போடக் கூடாது. நம்மள மாதிரி சாதாரண ஆளுங்களுக்கு அது கெடையவே கெடையாது. பார்சல்காரங்க முன்ன எடுத்துட்டிருந்தாங்க, இப்ப நிறுத்திட்டாங்க. உரிமம் இருக்கற வியாபாரி கொண்டுபோய்க் குடுத்தாத்தான் வாங்குவாங்க. வேற மாநிலம்னா இங்க ஒரு வியாபாரி, அங்க ஒரு வியாபாரி. அவன் அந்தக் கடைக்குப் போய், விண்ணப்பப் பாரம் எழுதி, போலீஸ் பதிவு சரியா இருக்கான்னு அவங்க விசாரிச்ச பின்னாடி வாங்கிக்கணும். பெட்டி மேல உள்ள என்னா இருக்குன்னு எழுதக் கூடாது. தோட்டா சேத்து வைக்கக் கூடாது. அவ்ளோதான். கொண்டா, நாளைக்கே போட்டுடறேன்."

"யோசிச்சிட்டு வரேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

வெர்லின் புழு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அவன் மீன் பிடிப்பதில்லை.

அடுத்த ஞாயிறு டோர்சி மறுபடி கூப்பிட்டான், லோர்னா சொன்னதில் முதல் விதி போயிற்று. "தபால்ல போடக் கூடாதாம்டா."

"அது தெரிஞ்சதுதான்" என்றான் டோர்சி.

அதற்கடுத்த வாரம் இரண்டாவது. பார்சல்காரர்கள் சாதாரண ஆளிடம் வாங்குவதில்லை. "நீ வேலைய விட்ட அப்புறம் எல்லாம் மாறிடுச்சி."

"அப்படியா."

வெர்லின் ஒரு வாரத்துக்கு ஒரு விதி என்று சிக்கனமாகத்தான் செலவழித்தான். இருந்தாலும் அமெரிக்க அரசாங்கம் இந்த விஷயத்தில் அவனுக்குப் போதுமான விதிகளைச் செய்து வைத்திருக்கவில்லை. கோடை பாதியிலேயே உண்மையானவை தீர்ந்துவிட்டன. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வெர்லின், வாழ்நாள் முழுக்க அரசாங்கத்துக்கு விதி போடுகிற வேலை தவிர வேறில்லை என்று திட்டியவன், கடைசியில் தானே உட்கார்ந்து விதி செய்ய வேண்டியதாயிற்று.

காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் மாதங்களில் இரும்புச் சாமான் எடுக்க மாட்டார்களாம். பெட்டியின் நீளமும் அகலமும் சமமாக இருக்கக் கூடாதாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்கு முன்னால் செய்த துப்பாக்கி என்றால் இரண்டு சாட்சி வேண்டுமாம், இரண்டு பேரும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்களாக இருக்கக் கூடாதாம்.

"அப்படியா" என்பான் டோர்சி, ஒவ்வொன்றுக்கும். "புதுசா வந்திருக்கும் போல."

 பிறகு போனில் இந்தியானாவின் சோளக்காட்டுக் காற்று மட்டும் கேட்கும். அந்த இடைவெளியை அடைக்க வெர்லின் எதையாவது சொல்லுவான். பஸ்ஸில் இரட்டைப் பிள்ளைகள் இரண்டும் ஒரே நேரத்தில் வாந்தி எடுத்தது. சுரங்கம் மறுபடி மூடியது. பாதிரியார் கிணற்றில் தொப்பியைப் போட்டுவிட்டு அதை எடுக்கப் போய் ஏணியையும் உள்ளே போட்டது. ஒரு தரம் டோர்சி சிரித்தது மாதிரி இருந்தது. இருமலாகவும் இருந்திருக்கலாம்.

இலையுதிர்ந்து மான் வேட்டைக் காலம் நெருங்கியது. நவம்பர் கடைசியில் வரும் நன்றிப் பெருநாள் வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைகளே துப்பாக்கியோடு மலையேறிவிடுகிற ஊரில் யாருக்குப் பாடம் நடத்துவது? வெர்லினும் வழக்கம்போல மலைமேல் கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே போன் எடுக்காது. அதற்காகவே முன்கூட்டி ஒரு பெரிய விதியாகப் பார்த்துச் சொல்லி வைத்தான்.

"வேட்டைக் காலம் முடியற வரைக்கும் கைத்துப்பாக்கி கை மாத்தக் கூடாதாம்டா."

 "இது கொஞ்சம் பெரிய ரூலா இருக்கே" என்றான் டோர்சி.

வெர்லின் மலைக்குப் போனான். ஒரு வாரம் குளிரில் கிடந்து, நல்ல கொம்பு வைத்த ஆண் மான் ஒன்றைச் சாய்த்துக் குடலை எடுத்துவிட்டு, வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டு சனிக்கிழமை முற்பகல் வீடு திரும்பினான். நெல்டா வாசலுக்கே வந்துவிட்டாள். முகத்தில் நல்ல காரியம் செய்தவளின் மினுக்கம்.

"உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு இந்த வேலையும் நான்தான் பாக்க வேண்டியிருக்கு" என்றாள். "போன ஞாயித்துக்கிழமை டோர்சி கூப்பிட்டான். நீ மலைக்குப் போயிட்டேன்னேன். சரி, துப்பாக்கி விஷயம் சும்மா கேக்கலாம்னு கூப்பிட்டேன்றான். எனக்கு மூஞ்சிய எங்க வச்சிக்கறதுன்னு தெரியல. அடுத்தவன் சாமான எத்தன மாசம்யா வச்சிருப்ப? ஏதோ ஈரம், சாட்சி, சர்ச்சுன்னு சொன்னியாமே. உனக்குச் சோம்பேறித்தனம்னு எனக்குத் தெரியாதா? மறுநாளே உன் சாவிய எடுத்துத் தொறந்து லோர்னாகிட்டக் குடுத்துட்டேன். அஞ்சு நிமிஷ வேலை."

வெர்லின் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வெறும் பெட்டியா அனுப்ப எனக்கு மனசு வரல" என்று நெல்டா தொடர்ந்தாள். அவள் வீட்டிலிருந்து சாப்பாடு இல்லாத பார்சல் எதுவும் போனதில்லை. பேரனுக்கு அனுப்பிய கணக்குப் புத்தகத்தோடுகூட ஊறுகாய் போயிருக்கிறது. "பெப்பரோனிக் கறி அடைச்ச நம்ம ஊரு ரொட்டி ஒரு டஜன் சுட்டுக் குடுத்தேன். அது அந்த ஊர்ல எங்க கெடைக்கும் அவனுக்கு? லோர்னா மொதல்ல மொகத்தச் சுளிச்சா. அப்புறம் ரூல் புஸ்தகத்தப் பொரட்டிப் பாத்தா. தோட்டாதான் கூடாதுன்னு போட்டிருக்கு, ரொட்டியப் பத்தி ஒண்ணுமில்லன்னு சேத்து வச்சிட்டா."

"நெல்டா" என்றான் வெர்லின். "அது பேரப்பிள்ளைங்களுக்காக இங்க வைக்கல."

"பின்ன?"

 அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பார்க்கப் பார்க்க அவள் கையிலிருந்த துண்டு மெதுவாகக் கீழே இறங்கியது.

"இத நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லக் கூடாது."

"யாரு சொன்னா?"

வெர்லின் உள்ளே போய்ப் போனை எடுத்தான்.

டோர்சியின் போன் அடிக்கவேயில்லை, நேராகப் பதிவுக் குரல்தான் பேசியது. வாண்டா நன்றிப் பெருநாளுக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள், ஞாயிறுதான் திரும்புவாள். லோர்னா, "அங்க சேந்து, கடைக்காரன் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டான்பா. எல்லாம் முறைப்படி நடந்திருக்கு" என்று பெருமையாகச் சொன்னாள். பிறகு இவன் மூச்சுவிடுகிற விதத்தைக் கேட்டுவிட்டு, "ஏன், என்ன?" என்றாள். இந்தியானாக் கடைக்குப் போன் போட்டால், பெருநாள் தள்ளுபடி விற்பனையை முன்னிட்டு அனைத்துப் பணியாளர்களும் தங்களைப் போன்ற வாடிக்கையாளர்களுக்குத் துப்பாக்கி விற்பதில் மும்முரமாக இருப்பதாக ஒரு பெண் குரல் இனிமையாகச் சொல்லிவிட்டு, பாட்டுப் போட்டது.

வெர்லின் அப்படியே வண்டியைத் திருப்பினான். செத்த மானை உடலோடு மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு விதி உண்டு. மான்களுக்கு வரும் ஒரு நோய் பரவாமலிருக்க. ஓஹையோ எல்லையில் ஒரு முறையும் இந்தியானா எல்லையில் ஒரு முறையுமாக அவன் அதை இரண்டு தரம் மீறினான். டோர்சியின் துப்பாக்கி இதே வழியில் ஒரு விதியும் பிசகாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

வழியெல்லாம் அவனுக்கு ஒரே நினைப்புதான். தோட்டா இல்லாமல்தானே போயிருக்கிறது. தோட்டா எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. வேண்டுமென்று நினைத்திருந்தால் டோர்சி வசந்தத்திலேயே புதுத் துப்பாக்கி வாங்கியிருக்கலாம், வாங்கவில்லையே. ஆனால் அது அவன் அப்பனுடையது. சுரங்கத்தில் கழுத்து முறிந்து செத்த அப்பனுடையது. சிலபேர் இந்த மாதிரிக் காரியத்தில்கூடச் சொந்தச் சாமானைத்தான் தேடுவார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் வாண்டாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். சுற்றிலும் அறுத்த சோளத் தட்டை. கதவைத் தட்டினான். பதில் இல்லை. தள்ளினான், திறந்துகொண்டது.

சமையலறை மேசைமேல் பெட்டி திறந்து கிடந்தது. மேலே எதுவும் எழுதாத, சுத்தமான, சட்டப்படியான பெட்டி. உள்ளே காலி. கசக்கிய காகிதம் தரையில் உருண்டு கிடந்தது. டோர்சியின் போன் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது, திரை இருட்டாக.

 வெர்லின் வீட்டை ஒவ்வொரு அறையாகப் பார்த்தான். படுக்கையறை. குளியலறைக் கதவைக் காலால் தள்ளினான். கடைசியாகப் பின்கதவு.

பின்வாசல் படியில் டோர்சி உட்கார்ந்திருந்தான். கம்பெனி கொடுத்த பழைய பழுப்புக் கோட்டு. மடியில் ஒரு காகிதம், அதில் ரொட்டித் துகள்.

திரும்பிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். வெர்லினின் கால்சட்டையில் மான் ரத்தம் காய்ந்திருந்தது.

"செத்துட்டேன்னு நெனச்சியா?" என்றான்.

"ஆமா" என்றான் வெர்லின்.

சொல்லியாகிவிட்டது. இத்தனை மாதம் ஊர் கட்டிக் காத்த விதி அப்படி ஒற்றைச் சொல்லில் போனது. ஒன்றும் இடிந்து விழவில்லை. பக்கத்துக் காட்டில் ஒரு நாய் குரைத்தது.

வெர்லின் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். 

"போன எடுத்தா என்னடா?"

"சார்ஜ் இல்ல."

"எங்க அது?"

"கடைல." டோர்சி துகளைத் தட்டிவிட்டான். "நேத்து கூப்பிட்டான் கடைக்காரன். ஐயா, உங்களுக்கு ஒரு கைத்துப்பாக்கியும் ஒரு டஜன் ரொட்டியும் வந்திருக்கு, வந்து எடுத்துக்கோங்கன்னான். போனேன். கடைல நிக்க எடமில்ல, அத்தன கூட்டம். பாரத்த நீட்டி எழுதுங்கன்னான். பேனாவ எடுத்துட்டேன். பேர் எழுதிட்டேன். ரொட்டி வாசன வந்திச்சி. ரொட்டிக்கும் சேத்தா எழுதணும்னு கேட்டேன். ரொட்டிக்கு எதுக்குய்யா பாரம்னான்."

"அப்புறம்?"

"அப்ப ரொட்டிய மட்டும் பெட்டியோட குடுன்னேன்."

வெர்லின் அவன் பக்கம் திரும்பினான்.

"கடைக்காரன் பாத்தான் பாரு ஒரு பார்வை. ஊரே துப்பாக்கி வாங்க முண்டியடிக்குது, ஒருத்தன் சொந்தத் துப்பாக்கிய விட்டுட்டு ரொட்டிய எடுத்துட்டுப் போறான். மீதிய எப்ப எடுத்துக்குவீங்கன்னான். வேட்டைக் காலம் முடியற வரைக்கும் கைத்துப்பாக்கி கை மாத்தக் கூடாது, ரூல் இருக்குன்னேன். கேள்விப்பட்டதே இல்லையேன்னான். புதுசா வந்திருக்கும்னேன்."

வெர்லினுக்குக் காது சுட்டது. "பொய்னு தெரியுமா உனக்கு?"

"டேய், இருபது வருஷத்துக்கு மேல அந்த வண்டிய ஓட்டினவன் நான். ஈரத்துக்கு பார்சல் எடுக்க மாட்டானாம். மழைல நனஞ்சிட்டு அஞ்சாறு ஊருக்கு நாய்த்தீனி மூட்ட தூக்கினவன்கிட்டச் சொல்ற."

"பின்ன ஏன்டா கேட்டுட்டே இருந்த?"

டோர்சி சோளத் தட்டையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். "ஞாயித்துக்கிழமை எனக்கு வேற யாரும் ஒண்ணும் சொல்றதில்ல" என்றான். பிறகு, "நீ என்ன புளுகப் போறேன்னு சனிக்கிழமையே ஒரு இது வந்துரும். அத வச்சி அந்த நாளத் தள்ளிருவேன். மீதி நாளு கஷ்டம்தான்."

"நெல்டா அனுப்பறேன்னப்ப வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"நெல்டாகிட்ட என்னன்னு சொல்ல?"

அது சரிதான்.  கோட்டுப் பையில் ஒரு ரொட்டி மிச்சம் இருந்தது. டோர்சி அதைப் பிட்டு, பெரிய பாதியை நீட்டினான். காய்ந்துபோயிருந்தது. வெர்லின் காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"சீசன் எப்ப முடியுது?" என்றான் டோர்சி, வாயில் ரொட்டியோடு.

 கடை எங்கேயோ இந்த ஊருக்குள்தான் இருக்கிறது. வண்டியில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். நடுவில் மலையில்லை, மாநில எல்லையில்லை, லோர்னா இல்லை. பெயர் எழுதிய பாரம் ஒன்று அங்கே காத்திருக்கிறது.

"இந்த வருஷம் நீட்டிச்சிருக்காங்களாம்" என்றான் வெர்லின்.

"அப்படியா."

"வாண்டா வர வரைக்கும் இங்க இருக்கேன். அப்புறம் அந்தக் கடைக்கு ரெண்டு பேரும் போறோம். அத அவனே வச்சிக்கட்டும், இல்ல லோர்னாவுக்கே திருப்பி அனுப்பட்டும். நீ ஒரு டாக்டரப் பாக்கற. நான் கூட வரேன்."

 டோர்சி எழுந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனான். வெர்லின் பின்னாலேயே போனான். வண்டிப் பின்னாலிருந்த மானை டோர்சி காலிலிருந்து கொம்புவரை நிதானமாகப் பார்த்தான்.

"இத இங்க கொண்டாரக் கூடாதே" என்றான். "அதுக்கு நிஜமாவே ரூல் இருக்கு."

"இருக்கு."

"விடிஞ்சா கெட்டுரும். ஷெட்டுல கொக்கி இருக்கு, தொங்கவிட்டு உரிச்சிரலாம்." கையை நீட்டினான். "கத்தியக் குடு."

வெர்லினின் இடுப்பில் உறையோடு தொங்கியது அது, மலையில் தீட்டிய கூர்மையோடு. விரித்த கை அவன் முன்னால் நின்றது. அந்தக் கையைப் பார்த்தான், பிறகு அதற்குச் சொந்தக்காரனின் முகத்தை. டோர்சி அவசரப்படுத்தவில்லை. எதற்காக இவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வெர்லின் கத்தியை உருவி, அலகைத் தன் பக்கம் பிடித்துக்கொண்டு, பிடியை அவனிடம் கொடுத்தான். பிறகு மானின் பின்னங்கால்களைத் தூக்க, அவனுக்கு எதிரே, அவன் கை தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டான்.